தமிழாசிரியப் பயிற்சியும் கணிப்பொறிக் கருவிகளும்

முன்னுரை

பள்ளியில் தமிழ் கற்பிக்கப் போகும் இளைஞர், கல்வியியற் கல்லூரியில் பயிலும் காலத்திலேயே கணிப்பொறியையும் கைப்பேசியையும் வகுப்பறைக் கருவிகளாகக் கையாளப் பழகவேண்டும் என்பது இன்று பெரும்பாலாரும் ஒப்புக்கொண்ட கருத்தாகும். தேசிய ஆசிரியர் கல்விக் குழுமம் 2014 ஆம் ஆண்டில் வகுத்த விதிமுறைகள் கல்வியியல் இளநிலைப் படிப்பை ஈராண்டுப் படிப்பாக்கின. அவற்றை ஒட்டி எழுந்த பாடத்திட்டத்தில் தகவல் தொடர்பு நுட்பத்தை ஆய்ந்துணர்தல் ஒரு தனிப் பகுதியாக அமைந்தது. 2018 ஆம் ஆண்டு முதல் தமிழ்நாட்டுப் புதிய பாடநூல்களில் க்யூ.ஆர். குறியீடுகள் அச்சிடப்பெற்றன. 2019 இல் கல்வித் தொலைக்காட்சி தொடங்கப்பெற்றது. 2020 இல் பெருந்தொற்றினால் பள்ளிகள் மூடப்பட்டபோது, விரும்பியும் விரும்பாமலும் ஆசிரியர் பலர் இக்கருவிகளை நாடினர்.

ஆயினும், இங்கு எழும் வினா ஒன்று உண்டு. கணக்காசிரியரும் அறிவியலாசிரியரும் பெறும் அதே கருவிப் பயிற்சி தமிழாசிரியர்க்கும் போதுமா? படவில்லைகள் அமைத்தல், ஒளிவீழ்த்தியை இயக்குதல், காணொளி காட்டுதல் ஆகியன எல்லார்க்கும் பொதுவானவை. இவற்றோடு பயிற்சி நின்றுவிடுமாயின், தமிழாசிரியர்க்கு வேண்டுவதில் ஒரு சிறு பகுதியே கிடைத்ததாகும். எழுத்து, சொல், யாப்பு, பாடம் என்னும் தமிழ்க் கல்வியின் உறுப்புகள் கருவிக்குள் எவ்வாறு அமைகின்றன என்பதை அறிதலே அவர்தம் பயிற்சியின் தலையாய பகுதி என்பதை இக்கட்டுரையில் விளக்க முயல்வோம்.

மூவகை அறிவு

ஆசிரியர்க்கு வேண்டும் அறிவு யாது என்பதை ஆராய்ந்த அமெரிக்கக் கல்வியறிஞர் லீ சுல்மன், 1986 ஆம் ஆண்டில் ஓர் அரிய கருத்தை வெளியிட்டார். பாடப்பொருளை அறிதல் ஒன்று. பொதுவாகக் கற்பிக்கும் முறையை அறிதல் மற்றொன்று. இவ்விரண்டும் கலந்து, இப்பொருளை இன்னவாறு கற்பித்தால் மாணவர்க்கு விளங்கும் என அறிதல் தனிவகையான அறிவு என்பது அவர் கருத்து. 2006 இல் புனியா மிசுரா, மேத்தியூ கோலர் என்னும் இருவர் இதனோடு கருவியறிவையும் சேர்த்து, மூன்றும் ஒன்றோடொன்று பொருந்தும் இடத்திலேயே நல்ல ஆசிரியர் உருவாகிறார் என விளக்கினர்.

இக்கொள்கையைத் தமிழ்க் கல்விக்கு ஏற்றி நோக்குதல் வேண்டும். புணர்ச்சி இலக்கணம் கற்ற ஒருவர், அதனைக் கற்பிக்கவும் வல்லவராகி, கணிப்பொறியையும் இயக்கத் தெரிந்தவராயினும், அக்கருவி புணர்ச்சியைக் கற்பிக்க எவ்விடத்தில் உதவும், எவ்விடத்தில் இடர் தரும் என அறியாராயின், மூவகை அறிவும் அவரிடம் தனித்தனியே கிடக்கின்றன என்றே கொள்ளவேண்டும். அவற்றை ஒன்றுபடுத்துவதே பயிற்சிக் கல்லூரியின் கடமையாகும்.

எழுத்து

முதற்கண் எழுத்தை எடுத்துக்கொள்வோம். உயிர் 12, மெய் 18, உயிர்மெய் 216, ஆய்தம் 1 ஆகத் தமிழெழுத்து 247 என்பது நாம் அறிந்ததே. ஒருங்குறி என வழங்கும் உலகப் பொதுக் குறியீட்டு முறையிலோ இவை ஒவ்வொன்றற்கும் தனியெண் இல்லை. உயிரெழுத்துகளும், ஆய்தமும், அகரம் ஏறிய உயிர்மெய்களும், கால், கொம்பு முதலிய துணைக்குறிகளும், புள்ளியும் தனித்தனி எண் பெற்றுள்ளன. ஏனையவை இவற்றின் சேர்க்கையால் அமைகின்றன. இலக்கணம் கூறும் ஒலிமுறைப்படி ககர மெய்யும் இகர உயிரும் கூடிக் 'கி' ஆகும். ஒருங்குறியிலோ 'க' என்பதன்மேல் இகரக் குறி ஏறிக் 'கி' ஆகிறது. 'க' என்பதன்மேல் புள்ளி ஏறிக் 'க்' ஆகிறது. முன்னையது ஒலியை அடியாகக் கொண்டது. பின்னையது வரிவடிவத்தை அடியாகக் கொண்டது.

இவ்வேறுபாட்டால் விளைவது யாது? 'தமிழ்' என்னும் சொல்லில் எழுத்து மூன்று. கணிப்பொறி தன் எண்களைக் கணக்கிடுமாயின் ஐந்து என்னும்: த, ம, இகரக் குறி, ழ, புள்ளி. எழுத்தெண்ணிச் சொல் அமைக்கும் விளையாட்டு ஒன்றை வகுப்புக்கு ஆக்க முயலும் பயிற்சி ஆசிரியர், இவ்வுண்மையை அறியாராயின், மூன்றெழுத்துச் சொல்லை ஐந்தெழுத்துச் சொல் எனக் கருவி கூறக் கண்டு மயங்குவர். அறிந்தவரோ, அவ்விடத்தையே எழுத்திலக்கணம் கற்பிக்கும் வாயிலாகக் கொள்வர்.

இன்னும் ஓர் எடுத்துக்காட்டு காண்போம். 'ஔவையார்' என்னும் பெயரின் முதலெழுத்து ஓரெழுத்து. பலர் அதனை ஒகரத்தையும் ளகரத்தையும் அடுத்தடுத்து இட்டு 'ஒளவையார்' எனத் தட்டச்சிடுகின்றனர். கண்ணுக்கு இரண்டும் ஏறத்தாழ ஒன்றே. கருவிக்கு வேறு வேறு. ஆகவே ஒரு வடிவத்தைத் தேடுவோர்க்கு மற்றதில் உள்ள செய்திகள் தப்பிப்போதல் கூடும். 'தேடினேன், கிடைக்கவில்லை' என மாணவன் கூறுங்கால், இல்லாமைக்கும் தேடத் தெரியாமைக்கும் உள்ள வேற்றுமையை எடுத்துரைக்க வல்லவர் எழுத்தறிந்த ஆசிரியரே.

பழைய எழுத்துருக்களால் வரும் இடரும் உண்டு. பாமினி முதலிய எழுத்துருக்களில், ஆங்கில எழுத்துகளுக்குரிய இடங்களில் தமிழ் வடிவங்கள் அமைக்கப்பட்டன. அவற்றில் அடித்த வினாத்தாளை அவ்வெழுத்துரு இல்லாத கணிப்பொறியில் திறந்தால், பொருளற்ற ஆங்கில எழுத்துக் குவியலே தோன்றும். இக்குழப்பத்தை நீக்கும் பொருட்டே தமிழ்நாடு அரசு 2010 இல் ஒருங்குறியையும் அனைத்தெழுத்துக் குறியீட்டையும் தரமாக ஏற்றது. பல ஆண்டுகள் உழைத்துத் தொகுத்த பாடக்குறிப்புகள் அடுத்த தலைமுறை ஆசிரியர்க்குப் பயன்பட வேண்டுமாயின், அவற்றை ஒருங்குறியிலேயே எழுதிவைத்தல் இன்றியமையாதது.

விசைப்பலகையும் இலக்கணத்தோடு தொடர்புடையதே. 1999 ஆம் ஆண்டுச் சென்னை மாநாட்டையொட்டி வகுக்கப்பட்ட தமிழ்99 விசைப்பலகையில், நகரத்தை அடுத்துத் தகரத்தை அழுத்தினால் நகரத்துக்குப் புள்ளி தானே அமைந்து 'ந்த' என வரும். ங்க, ஞ்ச, ண்ட, ம்ப, ன்ற என்பனவும் அவ்வாறே. இனவெழுத்து மயக்கம் என நாம் கற்பிக்கும் இலக்கணம் இங்கு விரல்நுனியில் நிகழக் காண்கிறோம்.

சொல்

அடுத்து, சொல்லை நோக்குவோம். 1998 ஆம் ஆண்டுப் பொங்கலன்று தொடங்கிய மதுரைத் திட்டமும், 2001 இல் தமிழ் இணையப் பல்கலைக்கழகமாகத் தோன்றிப் பின்னர்த் தமிழ் இணையக் கல்விக்கழகம் எனப் பெயர்பெற்ற நிறுவனமும் பழந்தமிழ் நூல்கள் பலவற்றை யாவரும் படிக்குமாறு இணையத்தில் வைத்துள்ளன. இவற்றில் ஒரு சொல் வரும் இடங்களை நொடிப்பொழுதில் தேடலாம். முன்னர்ச் சொல்லடைவுகளைக் கொண்டு நாள்தோறும் உழைத்துச் செய்த பணி இது.

ஆனால், கருவி தேடுவது சொல்லை அன்று, எழுத்துத் தொடரையே. திருக்குறளில் 'கல்' என்னும் பகுதியைத் தேடுமாறு மாணவரைப் பணித்தால், கல்வி, கல்லாமை முதலியன கிடைக்கும். கற்க, கற்றல் என்பன கிடைக்கமாட்டா. லகரம் றகரமாகத் திரிந்தமையே காரணம். மேலும், 'பகல்' என்னும் சொல்லும் தேவையின்றி வந்து நிற்கும். தேவையானது ஏன் வரவில்லை, தேவையற்றது ஏன் வந்தது என்னும் இரு வினாக்களையும் மாணவர்முன் வைத்தால், திரிதற் புணர்ச்சியும் பகுபத இலக்கணமும் அவர்தாமே கண்டறியும் உண்மைகளாகிவிடும். கருவியின் குறைபாடும் பாடத்திற்கு ஆக்கமாதல் இதனால் அறியப்படும்.

யாப்பும் ஓசையும்

செய்யுள் கற்பித்தலில் கைப்பேசியின் ஒலிப்பதிவே போதிய கருவியாகும். அதற்கு இணையமும் வேண்டா. மாணவர் ஒருவர் செய்யுளைப் படிக்க, அதனைப் பதிந்து மீண்டும் கேட்கச் செய்தல் வேண்டும். லகர ளகர ழகர ஒலிப்பில் தம் பிழையைத் தாமே கேட்டுணரும் மாணவர், ஆசிரியர் பன்முறை திருத்துதலினும் விரைவில் திருந்துவர்.

யாப்பை அலகிட்டுக் காட்டும் அவலோகிதம் போன்ற மென்பொருள்களும் உள்ளன. இவற்றைப் பயன்படுத்துவதில் முறைவைப்பு மிக இன்றியமையாதது. முதலடியில் நான்கும் இரண்டாமடியில் மூன்றுமாக ஏழு சீர் கொண்ட குறள்வெண்பாவை, மாணவர் முதலில் தாமே அசைபிரித்து, சீர் கண்டு, தளை நோக்கி, ஈற்றுச்சீர் நாள், மலர், காசு, பிறப்பு என்னும் நான்கனுள் எது எனத் துணிதல் வேண்டும். அதன்பின்னரே கருவியின் விடையோடு ஒப்பிடுதல் தகும். இரண்டும் மாறுபடுமாயின், பிழை எவர்பால் உளது என ஆராய்தல் வேண்டும். முறை மாறிக் கருவியை முதலில் நாடினால், விடை கிடைக்கும், யாப்பறிவு கிடைக்காது.

பாடமும் சான்றும்

பழம்பதிப்புகளின் படிமங்கள் இன்று இணைய நூலகங்களில் மிகுதியாகக் கிடைக்கின்றன. அவற்றை வகுப்பில் காட்டுதல் நன்று. எனினும், 1978 ஆம் ஆண்டு எழுத்துச் சீர்திருத்தத்துக்கு முன்னர் ணா, றா, னா, லை, ளை முதலிய எழுத்துகள் வேறு வடிவில் அச்சிடப்பட்டன. இன்றைய மாணவர் அவற்றைக் கண்டறியார். படிமத்தைக் காட்டுமுன் அவ்வடிவங்களைக் கரும்பலகையில் எழுதிக்காட்டும் ஆசிரியரே அதனால் பயன்கொள்வர்.

ஏட்டுச் சுவடிகளில் புள்ளி இடப்படாமையும், எகர ஏகார வேறுபாடு தோன்றாமையும், ரகரமும் காலும் ஒத்திருத்தலும் பதிப்பாசிரியர்க்குப் பெருந்தடையாயின. 1887 இல் சிந்தாமணியையும் 1894 இல் புறநானூற்றையும் வெளியிட்ட உ. வே. சாமிநாதையர், பல சுவடிகளை ஒப்பிட்டு உண்மைப் பாடம் கண்டார். இன்று அச்சுப் படிமத்தை எழுத்தாக மாற்றும் மென்பொருளும் ரகரத்தையும் காலையும் மயங்கக் காண்கிறோம். ஆகவே, ஒப்புநோக்கும் பழக்கம் பதிப்பாசிரியர்க்கு மட்டும் உரியதன்று. இணையத்திலிருந்து ஒரு செய்யுளை எடுத்து வகுப்பில் வைக்கும் எல்லா ஆசிரியர்க்கும் உரியதாகும்.

2022 நவம்பரில் சாட்ஜிபிடி பொதுமக்களின் பயன்பாட்டுக்கு வந்தபின் இத்தேவை பன்மடங்கு பெருகியது. இத்தகைய கருவிகள் முன்கற்ற நூற்றொகுதியின் போக்கைக் கொண்டு அடுத்துவரத்தக்க சொற்களைக் கோத்து விடை அளிக்கின்றன. அவ்விடை உண்மையாதலும் உண்டு. உண்மைபோல் தோன்றும் பொய்யாதலும் உண்டு. பயிற்சி ஆசிரியர்க்கு ஒரு சோதனையை இங்குப் பரிந்துரைக்கலாம். புறநானூற்றின் 267, 268 ஆம் பாடல்கள் நமக்குக் கிடைக்கவில்லை. அவ்விரண்டற்கும் பொருளுரை கேட்டு, கருவி யாது கூறுகிறது எனக் காண்க. 'அப்பாடல்கள் கிடைக்கவில்லை' என்று கூறுமாயின் நன்று. இல்லாத பாட்டுக்கு இனிய உரை வகுத்துத் தருமாயின், கருவியின் இயல்பை அவ்வொரு நிகழ்ச்சியே உணர்த்திவிடும்.

இதன் இன்றியமையாமையைச் சிறிது எண்ணிப் பார்த்தல் வேண்டும். மாணவன் தானே கண்ட தவறான செய்தியை ஐயுறுதல் கூடும். ஆசிரியர் பலகையில் எழுதியதை அவன் ஐயுறான், குறிப்பேட்டில் எழுதிக்கொள்வான், தேர்விலும் எழுதுவான், பின்னாளில் தன் மாணவர்க்கும் கூறுவான். ஓலையில் எஞ்சியவற்றை அரிதின் மீட்டுத் தந்த சான்றோரின் உழைப்போடு, எவரும் பாடாத அடிகள் கலந்துவிடுமாயின், அவற்றைப் பின்னர்ப் பிரித்தெடுத்தல் எளிதன்று.

பயிற்சியில் செய்யத்தக்கன

மேற்கூறியவற்றால் தமிழாசிரியப் பயிற்சியில் மேற்கொள்ளத்தக்கன சில பெறப்படுகின்றன. முதலாவது, பயிற்சி ஆசிரியர் ஒவ்வொருவரும் ஒருங்குறியில் பிழையின்றித் தட்டச்சிடப் பழகுதல். இரண்டாவது, பாடத்திட்டம் எழுதுங்கால் கற்பிக்கும் பொருளையும் நோக்கத்தையும் முதலில் வரையறுத்து, அதன்பின்னரே கருவி வேண்டுமா என முடிவுசெய்தல். மூன்றாவது, வகுப்பில் காட்டும் செய்யுள் ஒவ்வொன்றையும் நல்ல அச்சுப்பதிப்போடு ஒப்புநோக்கி, நூற்பெயரும் பாட்டெண்ணும் குறித்தல். நான்காவது, மின்சாரம் தடைப்பட்டவிடத்தும் பாடம் தொடருமாறு கரும்பலகை வழியைச் சித்தமாக வைத்திருத்தல்.

2014 விதிமுறைகள் ஈராண்டில் 20 வாரங்களைப் பள்ளிப் பயிற்சிக்கு ஒதுக்கின. அத்தகைய பயிற்சிக் காலத்தில் ஒரே பாடத்தை ஒரு பிரிவில் கருவியோடும் மற்றொரு பிரிவில் கருவியின்றியும் நடத்தி, மாணவர் விடைகளை ஒப்பிட்டு எழுதிவரச் செய்யலாம். கருவி எங்கே உதவிற்று, எங்கே வெறும் காட்சியாய் நின்றது என்பதைப் பயிற்சி ஆசிரியர் தம் பட்டறிவாலேயே உணர்வர். கணிப்பொறி ஆசிரியரும் தமிழ்ப் பேராசிரியரும் கூடியிருந்து இப்பயிற்சியை மதிப்பிடுதல் வேண்டும்.

முடிவுரை

கருவிகள் மாறும். இன்று பயிற்சியில் கற்ற மென்பொருள் அவ்விளைஞர் ஓய்வுபெறும் காலத்தில் இராது. எழுத்தின் இயல்பும், சொற்புணர்ச்சியும், யாப்பமைதியும், பாடம் ஒப்புநோக்கும் முறையும் அவருடன் இருக்கும். இவற்றைக் கொண்டே ஒவ்வொரு புதிய கருவியையும் அவர் அளந்தறிதல் வேண்டும். ஆதலின், தமிழாசிரியரின் கருவிப் பயிற்சியைத் தமிழ்ப் புலமையினின்று பிரித்து வேறொரு துறையிடம் முழுவதும் ஒப்படைத்தல் பொருந்தாது என்பதும், தமிழ்த்துறைகள் அப்பொறுப்பைத் தாமே ஏற்றல் வேண்டும் என்பதும் நம் துணிபாகும்.