எறும்பு வீட்டில் அழையா விருந்தாளி

சுவர்க்கோழி எல்லோருக்கும் தெரிந்த பூச்சி. இரவில் சுவர் இடுக்கில் இருந்து கத்தும். தூக்கத்தைக் கெடுக்கும். அதன் உறவுக்காரப் பூச்சி ஒன்று உண்டு. அது குடியிருப்பது எறும்புப் புற்றுக்குள்ளே!

இந்தப் பூச்சி மிகச் சிறியது. ஓர் அரிசியின் நீளம்கூட இருக்காது. இதற்கு இறக்கை கிடையாது. இறக்கைகளை உரசித்தான் சுவர்க்கோழி சத்தம் போடும். எனவே இது கத்துவதில்லை. 1799-இல் ஐரோப்பாவில் பான்சர் என்ற அறிஞர் இதைப் பற்றி எழுதினார். அவர் இதைக் கரப்பான் பூச்சி வகை என்று நினைத்தார். இதன் உருவம் அப்படி.

எறும்புகள் அந்நியரைச் சும்மா விடுமா? வேறு புற்றின் எறும்பு நுழைந்தால்கூடப் பல எறும்புகள் கூடிக் கடித்துக் குதறும். அப்படி இருக்க, இந்தப் பூச்சி எப்படி உயிர் பிழைக்கிறது?

புற்றுக்குள் ஒரே இருட்டு. அங்கே கண்ணால் பயன் இல்லை. எறும்பு தன் உணர்கொம்பால் தொட்டு மோந்து பார்க்கும். ஒரு புற்றின் எறும்புகளுக்கு எல்லாம் ஒரே வாசனை. அந்த வாசனை இருந்தால் சொந்தம். இல்லாவிட்டால் பகை. எறும்பின் உடம்பில் மெழுகு போன்ற மெல்லிய பூச்சு உண்டு. வாசனை அதில்தான் இருக்கிறது.

அந்த வாசனையைத்தான் பூச்சி திருடுகிறது. எறும்பை நெருங்கி உரசுகிறது, நக்குகிறது. மெழுகு தன் உடம்பிலும் ஒட்டிக்கொள்கிறது. ஜப்பான் நாட்டு அறிஞர்கள் இதைச் சோதித்தார்கள். பூச்சியை எறும்புகளிடம் இருந்து பிரித்து வைத்தார்கள். வாசனை குறைந்துபோனது. திருட்டை விடாமல் செய்தால்தான் பிழைப்பு!

அந்த நாட்டில் இதில் பல இனங்கள் உண்டு. ஓர் இனம் பல வகை எறும்புகளின் புற்றில் புகுந்து வாழும். எறும்பின் முட்டையைத் தின்னும். எறும்பு விரட்டினால் ஓட்டம் பிடிக்கும். இன்னோர் இனம் மஞ்சள் பைத்தியக்கார எறும்பை மட்டுமே நம்பி இருக்கிறது. (2022-இல் திண்டுக்கல் மாவட்டம் கரந்தமலைப் பக்கம் ஆடு மாடுகளைப் பாடாய்ப்படுத்தியதும் இந்த எறும்புதான்.) அந்தப் பூச்சி எறும்பைக் கண்டு ஓடுவதில்லை. எறும்பின் வாயருகே போய் நிற்கிறது. எறும்பு தன் வயிற்றில் இருக்கும் இரையைக் கக்கி ஊட்டுகிறது. தானாக இரை தேடுவது அதற்கு அவ்வளவாகப் பழக்கம் இல்லை. எறும்பு ஊட்டாவிட்டால் பட்டினிதான்.