உடலுக்கேற்ற இருக்கை

திருப்பத்தூர் மாவட்டத்தில், ஜவ்வாது மலையில் அமைந்துள்ளது காவலூர். அங்குள்ள வைணு பாப்பு வான் ஆய்வகத்தில் 2.34 மீட்டர் விட்டமுடைய ஆடியைக் கொண்ட தொலைநோக்கி 1986ஆம் ஆண்டு முதல் இயங்கி வருகிறது. வானியலாளரின் பணி இரவெல்லாம் நீளக்கூடியது. விண்மீனை நோக்குவது கண்ணே எனினும், அப்பணியின் சுமையைத் தாங்குவன முதுகும் கழுத்துமே.

தொலைநோக்கி திசை மாறும்போது, அதன் கண்ணருகு வில்லையும் ஏறி இறங்கும். அதற்கேற்ப ஆய்வாளர் உடலை வளைக்க நேரும். இவ்விடரைத் தீர்க்க, கலிபோர்னியாவின் லிக் வான் ஆய்வகத்தில் 1888இல் நிறுவப்பட்ட பெருந்தொலைநோக்கியின் கீழ்த் தரையே உயர்ந்து தாழுமாறு அமைக்கப்பட்டது. பணியிடமே மனிதருக்கேற்ப அமைய வேண்டும் என்னும் இக்கருத்தை ஆராயும் துறை பணிச்சூழலியல் எனப்படும். இன்று வானியலாளரும் அலுவலரைப் போலக் கணினித் திரையின்முன் நெடுநேரம் அமர்கின்றனர். ஆதலால் நாற்காலியின் வடிவமைப்பு இருவருக்கும் பொதுவான தேவையாகிறது.

அமர்தலும் முதுகெலும்பும்

நிற்கும்போது முதுகெலும்பின் இடுப்புப் பகுதி முன்னோக்கி இயல்பாக வளைந்திருக்கும். சாய்மானமின்றிக் கூனி அமர்ந்தால் அவ்வளைவு மறைகிறது. எலும்புகளுக்கு இடையேயுள்ள வட்டுகளின்மீது அழுத்தம் கூடுகிறது. சுவீடன் மருத்துவர் ஆல்ஃப் நாக்கெம்சன் 1960களில் இவ்வழுத்தத்தை அளந்து ஆராய்ந்தார். நல்ல நாற்காலியின் முதுகுத்தாங்கி இடுப்பு வளைவில் பொருந்தி, உடற்சுமையின் ஒரு பகுதியைத் தான் ஏற்கிறது.

இருக்கையின் உயரம், பாதங்கள் தரையில் முழுமையாகப் படியுமாறு இருத்தல் வேண்டும். இருக்கையின் முன்விளிம்புக்கும் முழங்காலின் பின்புறத்திற்கும் இடையே இரண்டு மூன்று விரல் இடைவெளி தேவை. தோள்கள் உயராமல் முழங்கைகள் கைத்தாங்கியில் படிதல் நன்று. திரையின் மேல்விளிம்பு கண்மட்டத்தை ஒட்டி இருப்பின் கழுத்து குனியாது.

யாருடைய அளவு?

நெடிய உடலுக்கென அமைந்த நாற்காலியில் குட்டையானவர் அமர்ந்தால் கால்கள் தொங்கும். தொடையின் அடிப்பகுதி அழுந்திக் கால் மரத்துப்போகும். எனவே, வடிவமைப்புக்கு மக்களின் உடலளவுகள் இன்றியமையாதவை. அகமதாபாத்திலுள்ள தேசிய வடிவமைப்பு நிறுவனம், இந்தியர்களின் உடலளவுகளைத் தொகுத்து 1997இல் நூலாக வெளியிட்டது. ஆயினும், ஒரே அளவு அனைவருக்கும் பொருந்தாது. உயரத்தையும் சாய்வையும் மாற்றத்தக்க நாற்காலியே சிறந்தது.

வலி கவனத்தைச் சிதைக்கும். வலியற்ற உடல் வேலையில் நிலைத்து நிற்கும். நலமும் செயல்திறனும் ஒன்றையொன்று சார்ந்தவை என்பது இதனால் விளங்கும். எனினும், எத்துணைச் சிறந்த நாற்காலியும் அசைவுக்கு மாற்றாகாது. இடையிடையே எழுந்து நடத்தல் வேண்டும்.

மறுபுறம், அமரவே இடமின்றி நாள் முழுதும் நின்றவர்கள் கடைப் பணியாளர்கள். தமிழ்நாடு கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டம் 2021இல் திருத்தப்பட்டு, அவர்களுக்கு இருக்கை வசதி அளித்தல் கட்டாயமாக்கப்பட்டது. இருக்கை என்பது பதவிக்குரிய அடையாளமன்று. உழைக்கும் உடலுக்குரிய உரிமையாகும்.