நகைப்புக்கு இடமான வீரன்



உள்ளத்து உணர்ச்சி உடலிலே புலப்படுவதை மெய்ப்பாடு என்பர் தமிழிலக்கண நூலார். தொல்காப்பியர் அதனை எட்டாக வகுத்தார். அவ்வெட்டனுள் முதலில் நிற்பது நகை. ஆறாவதாக நிற்பது பெருமிதம். பெருமிதம் என்பது வீரத்தின் மெய்ப்பாடு. நகையும் வீரமும் ஒன்றோடொன்று சேராதவை என்றே நாம் பெரும்பாலும் எண்ணுகிறோம். வீரனைக் கண்டு வியக்கிறோம். கோமாளியைக் கண்டு சிரிக்கிறோம். ஒருவனைப் பார்த்து நகைத்துக்கொண்டே அவனை வீரன் என்று மதிக்கவும் இயலுமா? இயலும் என்று காட்டிய கார்ட்டூன் ஒன்றைப்பற்றி இன்று சில சொல்ல விரும்புகிறேன்.

'த டிக்' என்பது அதன் பெயர். அமெரிக்காவின் பொக்ஸ் தொலைக்காட்சியில் 1994 செப்டெம்பர் முதல் 1996 நவம்பர் வரை, 36 பகுதிகளாக அது ஒளிபரப்பாயிற்று. சனிக்கிழமைக் காலையில் சிறுவருக்கென ஒளிபரப்பான அதனைப் பெரியோரும் விரும்பிப் பார்த்தனர். இன்றும் அதனை மறவாதோர் பலர். 'டிக்' என்பது உண்ணி. மாட்டின் காதிலும் நாயின் கழுத்திலும் ஒட்டிக்கொண்டு இரத்தம் குடிக்கும் அச்சிற்றுயிரை அறியாதார் இலர். வீரருக்குச் சிங்கம், புலி என்று பெயரிடுவது உலக வழக்கம். தேயிலை மலைகளில் வாழும் நாம் ஒரு வீரனுக்கு அட்டை என்று பெயர் வைத்தால் எப்படியிருக்கும்? அத்தகைய பெயரே இவனுக்கும் வாய்த்தது.

இவனைப் படைத்தவர் பென் எட்லண்ட் என்பவர். 1986இல், இருபது வயதும் நிரம்பாத இளைஞராக இருந்தபோது, சித்திரக்கதை நூல்களை விற்கும் நியூ இங்கிலாந்து கொமிக்ஸ் என்னும் நிறுவனத்தின் செய்தி மடலுக்காக அவர் இவ்வுருவை வரைந்தார். 1988இல் அது தனிச் சித்திரக்கதை நூலாக வெளிவந்தது. 1938இல் சுப்பர்மேனும் 1939இல் பேட்மேனும் தோன்றியது முதல் அமெரிக்கச் சித்திரக்கதைகளில் அற்புத ஆற்றல் படைத்த வீரர் பெருகினர். 1986 அளவில் அக்கதைகளிற் சில இருளும் கடுமையும் நிறைந்தனவாக மாறலாயின. 'வாட்ச்மென்' போன்ற நூல்களில் வீரரின் உள்ளம் புண்பட்டதாகவும் ஐயமுற்றதாகவும் காட்டப்பட்டது. எல்லோரும் வீரனை அழவைத்துக்கொண்டிருந்த அக்காலத்தில் அவனை வைத்துச் சிரிப்பூட்ட முற்பட்டார் எட்லண்ட்.

இனி, அந்நகைச்சுவை எவ்வாறு பிறக்கிறது என்பதைப் பார்ப்போம். எள்ளல், இளமை, பேதைமை, மடன் என்னும் நான்கினால் நகை தோன்றும் என்கிறது தொல்காப்பியம். அந்நான்கும் இக்கார்ட்டூனில் அமைந்திருத்தல் வியப்புக்குரியது.

எள்ளல் என்பது பிறரை இகழ்ந்து நகைத்தல். இக்கதையில் வீரர்க்கென ஒரு தேசிய நிறுவனம் உண்டு. யார் எந்த நகரைக் காப்பது என்பதை அந்நிறுவனமே தீர்மானிக்கின்றது. கல்வித் திணைக்களம் ஆசிரியர்க்கு நியமனம் வழங்குவது போல! அங்கே வௌவால் வேடம் பூண்ட வீரர் ஒருவர் உண்டு. ஆபத்து வந்தால் முதலில் மறைபவர் அவரே. வில்லன் ஒருவனுக்குத் தலைக்குப் பதிலாக நாற்காலி. அவன் பெயரில் வரும் சிப்பண்டேல் என்பது பதினெட்டாம் நூற்றாண்டில் இங்கிலாந்தில் வாழ்ந்த புகழ்பெற்ற தளபாடக் கைவினைஞர் ஒருவரின் பெயராகும். இந்நாற்காலித் தலையன் தன் பெயரை நிலவிலே பொறிக்க முயல்கிறான். மூன்று எழுத்துக்கள் முடிந்தபோது உண்ணி வந்து தடுத்துவிடுகிறான். பின்வரும் பகுதிகளிலும் நிலவில் அம்மூன்று எழுத்துக்கள் காணப்படும். புகழாசையை எள்ளி நகையாட இதனினும் சிறந்த உவமை வேண்டுமோ?

இளமை என்பது குழந்தைத்தன்மை. போர்க்களத்தில் வீரர் முழங்கும் முழக்கம் அச்சமூட்ட வேண்டும் அன்றோ? உண்ணியின் முழக்கமோ 'கரண்டி' என்னும் ஒரு சொல்! பேதைமை என்பது அறியாமை. தான் காக்க வந்த நகரின் கூரைகளையே தாவித் தாவி உடைத்துச் செல்கிறான் உண்ணி. அதனை அவன் உணர்வதேயில்லை. மடன் என்பது ஒன்றைப் பற்றிக்கொண்டால் பின் அதனை விடாதிருத்தல். நன்மை செய்யவேண்டும் என்று எங்கோ பற்றிக்கொண்ட கொள்கையை உண்ணி ஒருகணமும் விடுவதில்லை. ஒவ்வொரு வெற்றியின் பின்பும் நீதியைப்பற்றி நீண்ட உரை நிகழ்த்துவான். அவன் காட்டும் உவமைகள் எங்கோ தொடங்கி எங்கோ போய் முடியும். கேட்போர் சிரிப்பர், ஆயினும் அவன் சொன்னதில் பொய் இல்லை என்பதையும் உணர்வர்.

இத்துடன் நின்றிருந்தால் இது வெறும் கேலிக் கதையாகவே முடிந்திருக்கும். இதனை உயர்த்துபவன் உண்ணியின் துணைவனாகிய ஆர்தர். அவன் ஒரு கணக்காளன். சற்றுப் பருத்த உடலும் அச்சமும் உடைய எளிய மனிதன். அந்துப்பூச்சி வடிவில் அமைந்த வெள்ளுடை ஒன்றை அணிந்துகொண்டு அலுவலகம் சென்றமைக்காக வேலையை இழக்கிறான். தெருவில் காண்போரெல்லாம் அவ்வுடையைப் பார்த்து, அவன் முயல் வேடம் பூண்டிருப்பதாக எண்ணுகின்றனர். 'முயல் அன்று, அந்துப்பூச்சி' என்று விளக்கி விளக்கி அவன் சலித்துப்போகிறான். ஆனால் உடையை மட்டும் களைவதில்லை.

பெருமிதம் பிறக்கும் நிலைக்களன் கல்வி, தறுகண், இசைமை, கொடை என நான்காம். தறுகண் என்பது அஞ்சாமை. எந்த அடியும் எளிதில் துளைக்காத உடல் படைத்தவன் உண்ணி. அவன் அஞ்சாதிருப்பதில் வியப்பென்ன? வலிமையின்றி, விளையக்கூடியதை நன்கறிந்து, நெஞ்சு படபடக்கவும் அடி எடுத்து வைக்கிறானே ஆர்தர், அவனிடமன்றோ தறுகண் உண்டு! ஆராய்ந்து வழிகாணும் அறிவும் அவனுடையதே. இருக்க இடமில்லாத உண்ணிக்குத் தன் சிறு வீட்டில் இடமளித்த கொடையும் அவனுடையதே. இசைமை ஆகிய புகழ் மட்டும் அவனுக்குக் கிட்டவில்லை. முயல் என்ற பெயரே கிட்டியது. பெரிய வீரனை நகைப்புக்குரியவனாக்கும்போது அவன்மேல் நாம் சுமத்திய அலங்காரங்கள் உதிர்ந்துவிடுகின்றன. அப்பொழுது அவனருகில் நிற்கும் சிறியவனின் வீரம் நம் கண்ணுக்குப் புலனாகின்றது. இக்கார்ட்டூன்மீது பலர் கொண்ட அன்புக்குக் காரணம் இதுவே என்பது என் கருத்து.

மலையகத்தாராகிய நமக்கு இது முற்றிலும் புதிதன்று. காமன் கூத்திலும் அருச்சுனன் தபசிலும் தெய்வங்களும் வீரர்களும் ஆடும் களத்திற்கே கோமாளியும் வருகின்றான். லயத்து முற்றத்தில் அமர்ந்து விடியவிடியக் கூத்துப் பார்த்த நம் முன்னோர், அருச்சுனனைக் கண்டு கைகூப்பினர். கோமாளியைக் கண்டு வயிறு குலுங்கச் சிரித்தனர். இரண்டும் அவர்க்கு வேண்டியிருந்தன. பின்னர் 1982இல் ரூபவாஹினி தோன்றி, நுவரெலியாவுக்கு மேலே நிற்கும் பீதுருதாலகால மலையிலிருந்து தன் ஒளிபரப்பை அனுப்பத் தொடங்கியது. டைட்டஸ் தொட்டவத்த அவர்கள் சிங்களத்தில் உயிரூட்டிய அயல்நாட்டுக் கார்ட்டூன்களை நம் பிள்ளைகளும் கண்டு மகிழ்ந்தனர். சிரிப்புக்கு மொழி தடையாகவில்லை.

ஆயினும் சிரிப்பிலே அஞ்சத்தக்க ஒரு முகமும் உண்டு. பிறர் நகைப்பார்களே என்னும் அச்சத்தைப் போல ஒரு பிள்ளையின் வாயை அடைப்பது வேறில்லை. வகுப்பில் விடை தெரிந்தும் எழுந்து நில்லாத மாணவரைப் பல்லாண்டுகளாகப் பார்த்து வருகிறேன். கொழும்புக்கு வேலைக்குச் சென்ற இளைஞர் சிலர், தம் பேச்சு நகைப்புக்கு இடமாகுமோ என்று அஞ்சி, தோட்டத்தின் பெயரைச் சொல்லவும் தயங்குகின்றனர். 1948ஆம் ஆண்டின் குடியுரிமைச் சட்டத்தால் நாடற்றோராக்கப்பட்டு, 2003ஆம் ஆண்டுச் சட்டம் வரை அக்குறை முற்றும் நீங்கப்பெறாதிருந்த ஒரு சமூகத்தின் பிள்ளைகளுக்கு இக்கூச்சம் முன்னோர் வழி வந்த சுமையாகும். கொழுந்துக்கூடை சுமந்து, மழையிலும் பனியிலும் மலையேறி, அட்டைக் கடியையும் பொருட்படுத்தாது, அந்த உழைப்பினாலே தம்மைப் படிப்பித்த தாயைப்பற்றி எழுதச் சொன்னால் அப்பிள்ளைகள் தயங்குகின்றனர். திரைப்பட நாயகனைப்பற்றி எழுதச் சொன்னால் பக்கம் பக்கமாக எழுதுகின்றனர்.

இத்தகைய பிள்ளைகளுக்கு ஆர்தரின் கதையைச் சொல்லலாம் என்று தோன்றுகிறது. உலகம் முயல் என்று நகைக்கட்டும். தான் அந்துப்பூச்சி என்பதை அறிந்தவன் தன் உடையைக் களைய வேண்டியதில்லை. பெற்றோரே, ஆசிரியரே! பிள்ளைகள் கார்ட்டூன் பார்க்கும்போது அது வீண் பொழுதுபோக்கு என்று கடிந்துகொள்ளாது, சற்று அருகில் அமர்ந்து நாமும் பார்ப்போம். அவர்கள் யாரைப் பார்த்துச் சிரிக்கிறார்கள், யாரை நேசிக்கிறார்கள் என்று கேட்போம். இருவரும் ஒருவரே என்று பிள்ளை விடை சொல்லுமாயின், நகையும் பெருமிதமும் ஓரிடத்தில் கூடக் கூடியவை என்பதை அது தானே கண்டுகொண்டது எனலாம்.