பேஸ் கேட்க வேண்டுமா? ‘லோ’வைக் குறையுங்கள்!

திருச்செந்தூருக்குத் தெற்கே, திரு இருதய ஆண்டவர் திருத்தலத்தால் பெயர்பெற்ற மீனவ ஊர் ஆலந்தலை. தூத்துக்குடி பனிமய மாதா கோயில் தொடங்கி மணப்பாடு வரை, இந்தக் கரையில் திருவிழா என்றால் பாட்டில்லாமல் இல்லை. கீபோர்டு, டிரம்ஸோடு பேஸ் கிட்டாரும் சேரும் குழுக்களில் ஒரு சிக்கல் அடிக்கடி எழும். வீட்டில் தனியாக வாசிக்கும்போது கும்மென்று நிறையும் பேஸ், குழுவோடு சேர்ந்ததும் காணாமல் போய்விடும். உடனே ஆம்பில் தாழ்ந்த ஒலியைக் கூட்டும் ‘லோ’ திருகை ஏற்றுவார்கள். இரைச்சல் கூடுமே தவிர சுரம் கேட்காது.

மூவர் மோதும் இடம்

நான்கு கம்பி பேஸின் மிகத் தாழ்ந்த சுரம் சுமார் 41 ஹெர்ட்ஸ். அந்த ஆழத்தில் நம் காது மந்தம். கிக் டிரம்மின் அடி பெரும்பாலும் 50 முதல் 100 ஹெர்ட்ஸுக்குள் விழுகிறது. கீபோர்டுக்காரரின் இடது கையும் அங்கேதான் இறங்குகிறது. மூவரும் ஒரே இடத்தில் நின்றால் ஒருவரும் தெளிவாகக் கேட்பதில்லை. பேஸ் எந்தச் சுரத்தில் நிற்கிறது என்பதைக் காதுக்குக் காட்டுவது, அதோடு சேர்ந்து எழும் மேல் அதிர்வுகளும் விரல் கம்பியைத் தட்டும் ஒலியும்தான். அவை ‘மிட்’ எனப்படும் நடுப் பகுதியில் இருக்கின்றன.

ஆகவே, ஆம்பின் எல்லாத் திருகுகளையும் நடுவில் வைத்து, முழுக் குழுவும் வாசிக்கும்போது சரிசெய்யுங்கள். லோவைச் சற்றுக் குறையுங்கள். 250 ஹெர்ட்ஸ் பக்கம் குழைந்தால் கொஞ்சம் வெட்டுங்கள். 800 ஹெர்ட்ஸை ஒட்டி மெல்ல ஏற்றுங்கள். தனியாகக் கேட்டால் இது கரகரப்பாகத் தோன்றும். குழுவுக்குள் கச்சிதமாக உட்காரும். திருகுக்கும் முந்தியது கை. கழுத்துப் பக்கம் மீட்டினால் உருண்டையான ஒலி, கம்பிகள் முடியும் பிரிட்ஜ் பக்கம் மீட்டினால் இறுக்கமான ஒலி. கீபோர்டுக்காரர் இடது கையைச் சற்று மேல் சுரங்களுக்கு நகர்த்தினாலே பாதிச் சிக்கல் தீரும்.

கோயிலும் கடற்கரையும்

உயர்ந்த கூரை கொண்ட கோயிலுக்குள் தாழ்ந்த சுரங்கள் அடங்க நேரமாகும். அங்கே லோ குறைவாகவும் சுரங்கள் நீளாமலும் இருக்க வேண்டும். உள்ளங்கையால் கம்பியை லேசாக அடக்கலாம். திறந்தவெளி மேடையில் ஒலியைத் திருப்பித் தரச் சுவரில்லை. பேஸ் மெலிந்து கேட்கும். அதற்காக லோவை முழுதாக ஏற்றினால் சின்ன ஆம்ப் திணறும், மிட்டையே நம்புங்கள். உப்புக்காற்றில் கம்பி சீக்கிரம் துருப்பிடித்து மங்கும் என்பதால், வாசித்து முடித்ததும் துடைத்துவிடுங்கள்.

தமிழ்க் காதுக்குப் பழகிய பேஸ்

குழுவில் பேஸ் அமுங்கும் சிக்கல் பழையது. கிட்டார் தயாரிப்பாளர் லியோ ஃபெண்டர் 1951-இல் ‘பிரிசிஷன் பேஸ்’ என்ற மின் பேஸ் கிட்டாரைக் கொண்டுவந்தார். பெரிய டபுள் பேஸின் ஒலி சத்தமான குழுக்களில் அமுங்கிப்போனதும் அதற்கு ஒரு காரணம். தமிழில் பேஸுக்குத் தனி மெட்டே கொடுத்தவர் இளையராஜா. ‘மூடுபனி’ (1980) படத்தின் ‘என் இனிய பொன் நிலாவே’ பாடலில் பேஸை மட்டும் பின்தொடர்ந்து கேளுங்கள். அவரிடம் நெடுங்காலம் பேஸ் வாசித்த சசிதரனும், ஏ.ஆர். ரகுமானின் பல பாடல்களில் வாசித்த கீத் பீட்டர்ஸும் நமக்குக் கிடைத்த பாடநூல்கள். குரலுக்கு வழிவிட்டு, தன் சுரத்தையும் தெளிவாகச் சொல்லும் வாசிப்பு அவர்களுடையது.

பாடற்குழுவை நடத்துபவர்களுக்கு ஒரு வேண்டுகோள். மைக் சோதனையோடு சவுண்ட் செக்கை முடித்துவிடாதீர்கள். டிரம்ஸும் பேஸும் மட்டும் சேர்ந்து ஒரு பாடலை முழுதாக வாசிக்க நேரம் கொடுங்கள். அவை இரண்டும் இணங்கிவிட்டால் பாடுபவர் தொண்டையைக் கிழிக்க வேண்டியிருக்காது.