பளுதூக்கற் போட்டியும் உளத்தடையும்

பளுதூக்கல் உடல்வலியை மட்டும் அளக்கும் போட்டி என்பது பொதுவான எண்ணம். ஆயினும் பயிற்சிக்கூடத்தில் இலகுவாகத் தூக்கிய பாரத்தை மேடையில் தூக்க இயலாது நிற்கும் வீரரைக் காண்கிறோம். ஒரே உடல், ஒரே பாரம். விளைவு மட்டும் வேறு. இவ்வேறுபாட்டுக்கு உள்ளம் எவ்வளவு காரணம், அத்தடையை நீக்கும் வழி யாது என்பவற்றை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

முதலில் தூக்கும் முறையினை நோக்குவோம். 1972 ஆம் ஆண்டுக்குப் பின்னர் ‘பிரஸ்’ நீக்கப்பட்டமையால், ‘ஸ்னாச்’, ‘கிளீன் அன்ட் ஜேர்க்’ என்னும் இரண்டுமே போட்டியில் எஞ்சின. ஸ்னாச்சில் பாரத்தை நிலத்திலிருந்து தலைக்குமேல் ஒரே இயக்கத்தில் உயர்த்துதல் வேண்டும். வீரர் பாரத்தை முழு உயரத்துக்கும் இழுப்பதில்லை. ஓரளவு உயர்ந்ததும் தாமே அதன் கீழ்ப் பாய்ந்து அமர்ந்து தாங்குகிறார். இழுத்தலை முற்றாக முடிக்குமுன் ஐயம் தோன்றினும், கீழே பாய்வதற்கு நொடிப்பொழுது தயங்கினும் பாரம் முன்னாலோ பின்னாலோ விழுந்துவிடும். எனவே இங்கு அச்சம் வெறும் மனநிலையாக நில்லாது, இயக்கத்தையே சிதைக்கின்றது.

உடல் தன் வலிமை முழுவதையும் எப்போதும் வெளிப்படுத்துவதில்லை என்பதை இக்காய், ஸ்ரெயின்ஹவுஸ் ஆகியோர் 1961 ஆம் ஆண்டில் வெளியிட்ட ஆய்வு காட்டிற்று. முழங்கையை மடக்கும் தசைகளின் வலிமையை அவர்கள் அளந்தபோது, எதிர்பாராத துப்பாக்கி வெடியொலியும், இழுப்பவர் தாமே எழுப்பிய கூச்சலும், அறிதுயிற் கட்டளையும் அவ்வலிமையைக் கூட்டின. நெஸ், பற்றன் ஆகியோரின் 1979 ஆம் ஆண்டு ஆய்வில், பாரம் உண்மையிலும் குறைவானதென நம்பியவர்கள் கூடிய பாரத்தைத் தூக்கினர். எண்ணைப் பற்றிய நம்பிக்கையும் ஒரு தடையாகலாம் என்பது இதனாற் பெறப்படும்.

இதற்குச் சான்றாகப் பலரும் எடுத்துக்காட்டுவது சோவியத் வீரர் வாசிலி அலெக்சேயெவின் வரலாறாகும். 1970 ஆம் ஆண்டு செப்டெம்பரில், அமெரிக்காவின் கொலம்பஸ் நகரில் நடைபெற்ற உலகப் போட்டியில் அவர் 227.5 கிலோகிராமைக் கிளீன் அன்ட் ஜேர்க் முறையில் தூக்கினார். போட்டியில் 500 இறாத்தலைக் கடந்த முதல் மனிதர் அவரே. பாரம் 500 இறாத்தலுக்குக் குறைவானதெனக் கூறி அவரை ஏமாற்றியே தூக்கச் செய்தனர் என்றும், அத்தடை உடைந்தவுடன் ஏனையோரும் அதனைக் கடந்தனர் என்றும் ஒரு கதை வழங்குகின்றது.

இக்கதை ஆய்வுக்கு நில்லாது. போட்டியில் எவ்வளவு பாரம் வேண்டுமெனக் கேட்பது வீரரின் தரப்பே. அது மண்டபம் முழுவதற்கும் அறிவிக்கப்படும். மேலும், 500 இறாத்தல் என்பது ஏறத்தாழ 226.8 கிலோகிராம். 225 இற்கும் 227.5 இற்கும் இடையே விழும் இவ்வெண், கிலோகிராமில் எண்ணிப் பழகியவர்க்கு ஓர் எல்லையாகவே தோன்றவேண்டியதில்லை. இறாத்தலில் எண்ணும் அமெரிக்கரிடையே அதனை முதலிற் கடந்தவர் கென் பற்றேரா. அதுவும் 1972 ஆம் ஆண்டிலேயே. ஆகவே ஒரு தடை உடைந்ததும் அனைவரும் அதனூடே புகுந்தனர் என்பதும் பொருந்தாது.

அலெக்சேயெவ் தடையை வென்றது ஏமாற்றத்தால் அன்று, படிமுறையால் எனலாம். 1970 முதல் 1977 வரை அவர் நிலைநாட்டிய உலகச் சாதனைகள் 80. அவற்றுட் பல முந்திய சாதனையைச் சிறிதளவே விஞ்சியவை. 1977 ஆம் ஆண்டில் அவர் தூக்கிய பாரம் 256 கிலோகிராம். பழகிய பாரத்துக்கு அடுத்துள்ள பாரம் உள்ளத்தை அச்சுறுத்துவதில்லை. பயிற்றுநர் கையாளும் பிற வழிகளும் இத்தகையனவே: பாரத்தை அணுகும் நடை, கைப்பிடி, மூச்சு என்பவற்றை ஒவ்வொரு முறையும் ஒரே ஒழுங்கிற் செய்தல், தூக்கலை முன்னரே மனத்தில் நிகழ்த்திப் பார்த்தல், எண்ணை விடுத்து இயக்கத்தின் ஒரு கூறிற் கவனத்தை நிறுத்துதல், ஐயமின்றித் தூக்கக்கூடிய பாரத்தையே முதல் முயற்சிக்குத் தெரிதல்.

இவற்றுள் இறுதியாகக் கூறியது தனித்து நோக்கற்பாலது. ஒவ்வொரு முறைக்கும் மூன்று முயற்சிகளே உண்டு; தவறியபின் பாரத்தைக் குறைத்துக் கேட்க விதி இடந்தராது. 1972, 1976 ஆம் ஆண்டுகளின் ஒலிம்பிக்கிலே தங்கம் வென்ற அலெக்சேயெவ், 1980 ஆம் ஆண்டு மொஸ்கோவில் 180 கிலோகிராமுடன் ஸ்னாச்சைத் தொடங்கினார். முன்னர் அதனிலும் கூடிய பாரத்தைத் தூக்கியவரே அவர். ஆயினும் அப்போது அவருக்கு வயது 38. 1978 ஆம் ஆண்டில் காயமுற்றுமிருந்தார். மூன்று முயற்சிகளும் தவறின, போட்டியிலிருந்து நீங்கினார்.

எல்லாத் தடைகளும் உள்ளத்திலேயே உள்ளன என்னும் கூற்று, ஆகவே, அரையுண்மையே. உடலுக்கும் எல்லையுண்டு, அது ஆண்டுக்காண்டு மாறுவது. தனது எல்லையை உள்ளதிலும் தாழ்வாகக் கொள்பவர் தூக்கக்கூடியதைத் தூக்காது விடுகிறார். பழைய எல்லையையே இன்றும் கொள்பவர் மேடையில் வெறுங்கையராகிறார். இன்றைய உடலை இன்றைய அளவால் அறிந்து, அதற்கு அடுத்த படியைத் துணிதலே உளத்தடையை நீக்கும் வழியாகும்.