பட்டறைக்குக் கடன், வீட்டுக்குப் பணம்

சரவணம்பட்டியில் சத்தி ரோட்டோரம் நின்று பார்த்தால் இரண்டு ஊர் தெரியும். கீரணத்தம், விளாங்குறிச்சிப் பக்கம் எழுந்த ஐ.டி. கட்டடங்களும் அவற்றை நம்பிப் பிழைக்கிற மெஸ், பேக்கரி, ஹாஸ்டல்களும் ஒரு ஊர். சின்னவேடம்பட்டி, கணபதி என்று சந்து சந்தாக நீளும் லேத் பட்டறைகள் இன்னொரு ஊர். மோட்டார் பம்புக்கும் கிரைண்டருக்கும் வேண்டிய உதிரிபாகங்களைக் கடைந்து கொடுக்கும் ஜாப் ஒர்க்காரர்களின் ஊர் அது. 2020 மார்ச் கடைசியில் ஊரடங்கு வந்தபோது இரண்டும் ஒன்றாக நின்றன. ஐ.டி. பிள்ளைகள் லேப்டாப்போடு சொந்த ஊர் போனார்கள். மெஸ்ஸில் அடுப்பு எரியவில்லை. பம்ப் கம்பெனி ஆர்டர் நிறுத்தியதும் பட்டறை ஷட்டர் இறங்கியது.

அப்போது அரசுகள் செய்த உதவி வீட்டுக்குப் பணமாகவும் அரிசியாகவும் வந்தது. தொழிலுக்குக் கடனாக வந்தது. கோப்பில் பார்த்தால் இந்தப் பிரிவு சரியாகத்தான் இருக்கும். ஆனால் இரண்டு லேத்தை வைத்துக்கொண்டு, தானும் ஒரு கையாளுமாக வேலை பார்ப்பவருக்கு வீடு வேறு, பட்டறை வேறு கிடையாது. கரண்ட் பில்லும் பிள்ளையின் ஸ்கூல் ஃபீசும் ஒரே சட்டைப் பையிலிருந்து போகின்றன.

வீட்டுக்கு வந்த உதவியில் குறை சொல்ல அதிகம் இல்லை. 2020 ஏப்ரலில் அரிசி அட்டைதாரர்களுக்கு 1,000 ரூபாயும் விலையில்லாப் பொருட்களும் கிடைத்தன. 2021 மே, ஜூன் மாதங்களில் இரண்டு தவணையாக 4,000 ரூபாய். முதல் தவணைக்கு மட்டும் 2 கோடியே 7 லட்சம் அட்டைகளுக்காக 4,153 கோடி ரூபாயை மாநில அரசு ஒதுக்கியது. வங்கி மேலாளர் முன்னால் நிற்க வேண்டியதில்லை, ஜாமீன் வேண்டியதில்லை; டோக்கனும் அட்டையும் போதும். அதனால்தான் அது வேகமாகப் போய்ச் சேர்ந்தது. பட்டறைகளிலும் ஃபவுண்டரிகளிலும் வேலை பார்த்த பீகார், ஒடிசா தொழிலாளர்களின் அட்டை அவர்களுடைய ஊரில் இருந்தது. இந்த வரிசையில் அவர்களுக்கு இடமில்லாமல் போனது. எந்த ஊர் அட்டைக்கும் ரேஷன் தரும் ஒரே நாடு ஒரே ரேஷன் அட்டைத் திட்டம் தமிழ்நாட்டுக்கு வந்தது 2020 அக்டோபரில்.

தொழில் பக்கத்தைத்தான் நிதானமாகப் பார்க்க வேண்டும். 2020 மே 13இல் நிதியமைச்சர் நிர்மலா சீதாராமன் அறிவித்த 3 லட்சம் கோடி ரூபாய் அவசரகாலக் கடன் உத்தரவாதத் திட்டம் இப்படி வேலை செய்தது: 2020 பிப்ரவரி 29 அன்று உங்களுக்கு வங்கியில் எவ்வளவு கடன் பாக்கி இருந்ததோ, அதில் 20 சதவீதத்தை வங்கி கூடுதலாகக் கொடுக்கும். திரும்ப வராவிட்டால் முழுத் தொகையையும் அரசின் உத்தரவாத நிறுவனம் ஏற்கும். புது அடமானம் கிடையாது. வங்கி வட்டி 9.25 சதவீதத்தைத் தாண்டக் கூடாது. முதல் ஆண்டு வட்டி மட்டும், அடுத்த 3 ஆண்டுகளில் அசல். 2023 மார்ச் வரை நடந்த இந்தத் திட்டத்தில் சுமார் 1 கோடியே 19 லட்சம் பேர் பயன்பெற்றார்கள். இந்தப் பணம் வராமல் இருந்திருந்தால் கோவையில் இன்னும் பல ஷட்டர்கள் திறக்காமலே போயிருக்கும்.

ஆனால் அந்த 20 சதவீதம் எதற்கு 20 சதவீதம் என்று பாருங்கள். ஏற்கெனவே உள்ள கடனுக்கு. 5 லட்சம் பாக்கி வைத்திருந்தவருக்கு 1 லட்சம். 5 கோடி பாக்கி வைத்திருந்தவருக்கு 1 கோடி. நகையை அடகு வைத்து, ஏலச்சீட்டு எடுத்து, வாரத் தண்டலுக்கு வாங்கி லேத் போட்டவருக்கு? வங்கிப் புத்தகத்தில் தொழில் கடனே இல்லாதவருக்கு இந்தக் கணக்கில் வருவது பூஜ்யம். அந்தத் தேதியில் 60 நாளுக்கு மேல் தவணை தவறியிருந்தவரும் சேர்த்தி இல்லை. கொரோனாவுக்கு முன்பே பம்ப், ஆட்டோமொபைல் ஆர்டர் குறைந்து திணறிக்கொண்டிருந்தவரைத்தான் அந்த விதி வெளியே நிறுத்தியது.

கிடைத்தவருக்கும் அது கடன்தான். அந்த 1 லட்சத்துக்கு முதல் ஆண்டில் மாதம் சுமார் 770 ரூபாய் வட்டி. பிறகு 36 மாதம், பழைய தவணைக்கு மேல் சுமார் 3,190 ரூபாய். அதே காலத்தில் இரும்பும் செம்பும் விலை ஏறின, கடைசல் கூலி ஏறவில்லை.

தவணை தள்ளிவைப்பையும் பலர் தள்ளுபடி என்றே நினைத்தார்கள். ரிசர்வ் வங்கி 2020 மார்ச் முதல் ஆகஸ்ட் வரை 6 மாதம் தவணை கட்டாமல் இருக்க அனுமதித்தது. வட்டி மட்டும் ஓடிக்கொண்டே இருந்தது. 12 சதவீத வட்டியில் 5 லட்சம் கடன் என்றால் 6 மாதத்துக்கு வட்டி 30,000 ரூபாய். மாதாமாதம் வட்டிக்கு வட்டி போட்டால் 30,760. இதை எதிர்த்த வழக்கு உச்ச நீதிமன்றத்தில் இருந்தபோதே, 2 கோடி ரூபாய் வரையிலான கடன்களுக்கு அந்த வட்டிக்கு வட்டியை மத்திய அரசு ஏற்றது. 2021 மார்ச் 23 தீர்ப்பு அதை எல்லாக் கடன்களுக்கும் நீட்டித்தது. நம் கணக்கில் பட்டறைக்காரருக்குத் திரும்பி வந்தது 760 ரூபாய். 30,000 அவர் தலையிலேயே நின்றது.

சம்பளத்துக்கு உதவி வந்ததா? தொழிலாளி, முதலாளி இருவரின் வருங்கால வைப்பு நிதிப் பங்கையும் 2020 மார்ச் முதல் ஆகஸ்ட் வரை மத்திய அரசே கட்டியது. 100 பேர் வரை உள்ள, பெரும்பாலோர் 15,000 ரூபாய்க்குக் குறைவாக வாங்கும் நிறுவனங்களுக்கு அது நல்ல உதவி. ஆனால் 20 பேருக்குக் குறைவாக வேலை செய்யும் இடத்துக்குப் பி.எஃப். கட்டாயமே இல்லை, நாலு பேர் பட்டறை அந்தக் கதவுக்கே போகாது. அமெரிக்காவில் அதே 2020இல் சிறு தொழில்களுக்குக் கொடுத்த கடன், பெரும்பகுதியைச் சம்பளத்துக்குச் செலவு செய்ததாகக் காட்டினால் தள்ளுபடியானது. நம்முடைய கஜானா அவ்வளவு தாங்காது என்பது உண்மை. ரேஷன் கடை அளவுக்குச் சுலபமான ஒரு சிறு மானியத்தை நிச்சயம் தாங்கியிருக்கும் என்று நான் நம்புகிறேன்.

தள்ளுவண்டிக்காரருக்கும் கடன்தான். 2020 ஜூனில் பி.எம். ஸ்வநிதி திட்டம் வந்தது: முதலில் 10,000 ரூபாய், அடைத்தால் 20,000, பிறகு 50,000, 7 சதவீத வட்டி மானியம். கடன் முகமே பார்க்காதவரை வங்கிக்குள் அழைத்துப் போனது அதன் பெரிய நன்மை.

தொழிலுக்குக் கடன் என்ற அதே அச்சு இப்போதும் மாறவில்லை. 2025 ஆகஸ்ட் 27 முதல் அமெரிக்கா 50 சதவீத வரி போட்டபோது திருப்பூரும் கோவையும் ஆடிப்போயின. நவம்பரில் மத்திய அமைச்சரவை 20,000 கோடி ரூபாய் கடன் உத்தரவாதத்துக்கு ஒப்புதல் தந்தது. மறுபடியும் இருக்கும் கடன் வரம்புக்கு மேல் 20 சதவீதம். ஏற்றுமதியாளருக்கு அது சேரும். அவருக்கு வேலை செய்து கொடுக்கும், வங்கியில் வரம்பே இல்லாத ஜாப் ஒர்க்காரருக்கு இந்தக் கணக்கிலும் பூஜ்யம்தான்.

பட்டறைக்காரரிடம் கேட்டால், கடனைவிட முதலில் அவர் சொல்வது வரவேண்டிய பாக்கியைத்தான். "வேலை முடிச்சுக் குடுத்து மூணு மாசம் ஆச்சுங்க" என்ற பேச்சை இந்தப் பக்கத்தில் எந்த டீக்கடையிலும் கேட்கலாம். 2006ஆம் ஆண்டின் குறு, சிறு, நடுத்தரத் தொழில்கள் மேம்பாட்டுச் சட்டம் இதற்குத் தெளிவாக வழி சொல்கிறது. எழுத்தில் ஒப்பந்தம் இருந்தால் அதிகபட்சம் 45 நாளில், இல்லாவிட்டால் 15 நாளில் பணம் கொடுத்தாக வேண்டும். தாமதமானால் வங்கி விகிதத்தைப் போல மூன்று மடங்கு, மாதாந்தரக் கூட்டு வட்டி. அரசின் உத்யம் பதிவு வைத்திருக்கும் குறு, சிறு நிறுவனம் இணையதளத்தில் புகார் போடலாம். அது கோவையில் உள்ள வசதியாக்கக் குழுவுக்குப் போகும். தீர்ப்பை எதிர்த்து நீதிமன்றம் போகிற கம்பெனி முதலில் 75 சதவீதத் தொகையைக் கட்ட வேண்டும். 2024 முதல் வருமான வரிச் சட்டமும் சேர்ந்துகொண்டது: கெடுவுக்குள் கொடுக்காத பாக்கியை, கொடுத்து முடிக்கும் வரை செலவாகக் காட்டி வரிச்சலுகை பெற முடியாது.

உத்யம் பதிவுக்குக் கட்டணம் இல்லை. ஆதாரும் பான் அட்டையும் போதும். பணம் கேட்கும் இடைத்தரகரை நம்ப வேண்டாம். கடைக்காரர்களும் 2021 ஜூலை முதல் பதியலாம், ஆனால் அவர்களுக்கு அது வங்கியின் முன்னுரிமைக் கடனுக்கு மட்டும். பாக்கி வசூல் பிரிவு வியாபாரத்துக்குப் பொருந்தாது.

இவ்வளவு இருந்தும் புகார் போடத் தயங்குகிறார்கள். காரணம் எல்லோருக்கும் தெரியும்: புகார் போட்ட மறுநாள் ஆர்டர் பக்கத்துப் பட்டறைக்குப் போய்விடும். ஒரே கம்பெனியை நம்பி லேத் ஓட்டுகிறவரால் அதைத் தாங்க முடியாது. அவர் பெயர் வெளியே வராமல் தொழில் சங்கமே சேர்ந்து வழக்குக் கொடுக்க வழி வேண்டும். அது வரும்வரை பில்லையும் டெலிவரி சலானையும் தேதியோடு, வாங்கியவர் கையெழுத்தோடு ஒரு ஃபைலில் வைத்திருங்கள். வாய்ப்பேச்சில் கொடுத்த வேலைக்கு அந்த 15 நாள் எந்த நாளிலிருந்து தொடங்குகிறது என்று குழு கேட்டால் காட்ட அது ஒன்றுதான் இருக்கும்.