வெள்ளிக்கிழமையும் தவணைத் தேதியும்

சித்தூர் மாவட்டத்தில், தமிழக எல்லையை ஒட்டிய பாலசமுத்திரம் பகுதியில் நான் பணியாற்றிய நாட்களில், வெள்ளிக்கிழமை காலைகளில் கிளை வெறிச்சோடிக் கிடக்கும். வாடிக்கையாளர்கள் வராமல் இல்லை. பணத்தையும் பாஸ்புக்கையும் வைத்துக்கொண்டு வெளியே மர நிழலில் அமர்ந்திருப்பார்கள். 10.30 முதல் 12 வரை இராகு காலம். பன்னிரண்டு அடித்ததும் அனைவரும் ஒருசேர உள்ளே வருவார்கள். காசாளர் அன்று உணவருந்த மணி மூன்றாகும்.

அப்பகுதியில் தமிழ்க் குடும்பங்களும் தெலுங்குக் குடும்பங்களும் அடுத்தடுத்த வீடுகளில் வாழ்கின்றன. பஞ்சாங்கம் மட்டும் வேறு வேறு. தமிழர் மாதம் சூரியனைக் கொண்டு கணிக்கப்படுவது. தெலுங்கர் மாதம் சந்திரனைக் கொண்டு. 2024ஆம் ஆண்டில் ஆஷாடம் ஜூலை 6இல் தொடங்கி ஆகஸ்ட் 4இல் முடிந்தது. ஆடியோ ஜூலை 17இல்தான் பிறந்து ஆகஸ்ட் 16 வரை நீடித்தது. இரு வீட்டாரும் சம்பந்தம் செய்துகொண்டால் திருமணத்துக்கு நாள் பார்ப்பது எளிதன்று. தமிழர் பலர் நல்ல நாளாகக் கொள்ளும் அமாவாசையைத் தெலுங்கர் பலர் தவிர்ப்பார்கள்.

இராகு காலமும் கடிகாரத்துக்குக் கட்டுப்பட்டதன்று. சூரிய உதயம் முதல் அஸ்தமனம் வரையிலான பகற்பொழுதை எட்டாகப் பகுத்து, வெள்ளிக்கு நான்காம் பகுதியைக் கொள்வதே முறை. காலை ஆறு மணிக்கு உதயம் என்று வைத்துக்கொண்டதால்தான் நாட்காட்டியில் 10.30 என்று அச்சாகிறது. மார்கழியில் அங்கே உதயம் ஏறத்தாழ 6.30, அஸ்தமனம் 5.50. கணக்கிட்டால் இராகு காலம் 10.45க்குத் தொடங்கி 12.10க்கே முடிகிறது. பன்னிரண்டு அடித்ததும் உள்ளே வந்தவர்களிடம் இதை நான் சொன்னதில்லை.

நேரம் பார்ப்பதால் வங்கிக்கு இடையூறு ஏதுமில்லை. வட்டி நாள் கணக்கில் ஓடுவது. காலையில் கட்டினாலும் மாலையில் கட்டினாலும் ஒன்றே. நாள் தவறினால்தான் சிக்கல்.

ஒரு பெரியவர், வேர்க்கடலை விவசாயி. அவருடைய பயிர்க்கடனுக்கு வெள்ளிக்கிழமை கெடு. பணம் கையில் இருந்தது. ஆயினும் வெள்ளியன்று இலட்சுமியை வெளியே அனுப்பக் கூடாதென்று வீட்டில் தடுத்துவிட்டார்கள். மறுநாள் இரண்டாம் சனி, அடுத்து ஞாயிறு, திங்களன்று வந்தார். ரூ. 3 இலட்சம் வரையிலான குறுகிய காலப் பயிர்க்கடனுக்கு 7 விழுக்காடு வட்டி. கெடுவுக்குள் கட்டுவோருக்கு அரசு 3 விழுக்காடு ஊக்கச் சலுகை தருவதால் 4 விழுக்காடே சுமை. ஓராண்டுக்கு வாங்கிய ஒரு இலட்சத்துக்கு அச்சலுகை ரூ. 3,000. அது போயிற்று. அவர் கோபப்படவில்லை, இரசீதை நெடுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார். கெடுவுக்கு முந்தைய வாரமே அவருக்கு ஒரு தொலைபேசி அழைப்பு விடுத்திருக்கலாமே என்று எனக்கு உறுத்தியது.

கடன் தீர்க்கவென்றே மைத்ர முகூர்த்தம் என ஒன்றும் உண்டு. அசுவினி நட்சத்திரத்தில் மேஷ லக்னமும், அனுஷத்தில் விருச்சிக லக்னமும் அமையும் நேரம். அப்போது அசலில் சிறிதளவு அடைத்தால் கடன் விரைவில் தீருமென்பது நம்பிக்கை. கணக்கர் என்ற முறையில் எனக்கும் இதில் மாறுபாடில்லை. அசலில் ஆயிரம் ரூபாய் குறைந்தாலும் அன்று முதல் அந்த ஆயிரத்துக்கு வட்டி இல்லை. தனிநபர் பெறும் மாறும் வட்டி வீட்டுக்கடனுக்கு முன்கூட்டிக் கட்டுவதற்கான கட்டணமும் கிடையாது. முகூர்த்தம் விடியற்காலையில் அமைந்தாலும் கைப்பேசி வழியே செலுத்தலாம். கட்டும் தொகை அசலில் வரவாகிறதா என்பதை மட்டும் கிளையில் முன்னதாகக் கேட்டு வைத்துக்கொள்ளுங்கள்.

புதிய நாட்காட்டி வாங்கியதும் உங்கள் கெடுத் தேதிகளைக் கிழமையோடு குறித்து வையுங்கள். செவ்வாய், வெள்ளியில் விழுந்தால் முதல் நாளே கட்டிவிடலாம்.

மறு ஆண்டு அப்பெரியவர் கெடுவுக்கு இரண்டு நாள் முன்னதாக, புதன்கிழமை காலை வந்தார். பொன் கிடைத்தாலும் புதன் கிடைக்காதாம். பன்னிரண்டுக்குள் இரசீது வேண்டுமென்றார். அதன்பின் அன்றைக்கு இராகு காலம். 11.40க்குக் கொடுத்து அனுப்பினோம்.